பழைய அச்சில் செய்த பல்

காஜா பேராங், மலாக்கா
14-6-2603

அன்புள்ள மச்சானுக்கு மஜீதா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் கூடப்பிறந்த ரஹீம் காக்காவும் மதினியும் இங்கே இருக்கிறோம். நலம் என்று எழுத வந்தேன். காலையில் மரவள்ளி, மத்தியானம் மரவள்ளி, ராத்திரிக்குப் பசி என்று ஆனபிறகு அந்தச் சொல்லை எழுதக் கை கூசுகிறது. மேலே போட்டிருக்கும் ஆண்டைப் பார்த்து மிரள வேண்டாம். இனிமேல் ஜப்பான் கணக்கில்தான் தேதி போடவேண்டுமாம். நமக்கு இது 43தான். தபாலில் போட்டால் யார் யாரோ பிரித்துப் படிக்கிறார்கள் என்பதால், சிரம்பானுக்குச் சரக்கு ஏற்றிவரும் மருதமுத்து அண்ணனின் லாரியில் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

இது வம்புக் கடிதம் இல்லை, தொழில் கடிதம். கம்போங் செட்டியில் ஜெயா என்று ஒரு அம்மாள். மாரியம்மன் கோயிலில் தவறாமல் நிற்பார், வீட்டில் பேசுவதெல்லாம் மலாய்தான். காய்ந்த மரவள்ளியைக் கடித்து அவருடைய மேல் பல்செட் நடுவில் இரண்டாகப் பிளந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பல் கட்டுகிறவர் என்று யார் சொன்னார்களோ, இரண்டு துண்டையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்து, "தோலோங்லா, காக்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். உதவி செய் அக்கா என்கிறார், என்னைவிட இருபது வயது மூத்தவர். எப்படி மாட்டேன் என்பது?

பத்து வருஷம் உங்கள் மேசையில் பிளாஸ்டர் குழைத்திருக்கிறேன். மூட்டையோடு வந்த பித்தளை அச்சுப்பெட்டி ஒன்றும் என்னிடம் இருக்கிறது. ஆனால் சீமை ரப்பர் இல்லை, பிளாஸ்டர் இல்லை. இந்த நாட்டில் திரும்பின பக்கமெல்லாம் ரப்பர் மரம். தோட்டத்து ரப்பர் ஷீட்டை வைத்துச் செய்ய முடியாதா? கந்தகம் சீன மருந்துக்கடையில் கிடைக்கிறது. எத்தனை பங்கு போடுவது? வேகவைக்க, டயர் ஒட்டும் அப்பாசாமி தன் நீராவிப் பெட்டியைத் தருகிறேன் என்கிறார். விவரமாக எழுதுங்கள்.

பல் வேகவைக்கும் உங்கள் செம்புக் கொப்பரை சுகமாக இருக்கிறதா? குண்டு விழுந்த அன்று பெண்டாட்டியை விட்டுவிட்டு அதைத்தானே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடினீர்கள். அதற்கு என் ஸலாமைச் சொல்லவும்.

இப்படிக்கு,
மஜீதா


சிரம்பான்
27-6-2603

அன்பு மஜீதாவுக்கு தாவூத் எழுதும் கடிதம். வ அலைக்கும் ஸலாம்.

ஒன்றரை வருஷத்தில் நீ எழுதிய முதல் கடிதம். அது கந்தகம் கேட்டு வந்தாலும் சரி, நாலு தடவை படித்துவிட்டேன்.

கேட்டதைச் சொல்கிறேன். தோட்டத்து ஷீட் தாராளமாக ஆகும், ஆனால் புகைபோட்ட ஷீட்டில் குப்பை இருக்கும். சூடான இரும்பால் அழுத்திப் பிசைந்து, அப்பளம்போல் மெல்லியதாக்கிக் கழுவு. மூன்று பங்கு ரப்பருக்கு ஒரு பங்கு கந்தகம். குறைந்தால் செருப்பு மாதிரி வளையும், கூடினால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். உடைந்த ஓரங்களை அரத்தால் ராவி, புறாவின் வால்போல் விரியும்படி வெட்டிவிட்டு அதில் புது ரப்பரை அடை. நேராக வெட்டினால் பிடிக்காது.

பிளாஸ்டருக்கு ஒரு வழி இருக்கிறது. இறுகிப்போன பழைய அச்சை உடைத்து, இடித்து, சலித்து, இரும்புச் சட்டியில் வறு. கொஞ்ச நேரத்தில் பொடி கஞ்சி மாதிரிக் கொதிக்கும். உள்ளே இருக்கிற தண்ணீர் போகிறது என்று அர்த்தம். கொதிப்பு அடங்கினதும் இறக்கிவிடு. பேச்சு சுவாரசியத்தில் விட்டுவிட்டாய் என்றால் செத்துப்போகும். பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் சேறாகத்தான் கிடக்கும், இறுகாது. இங்கே என் அலமாரியில் பாதி சிரம்பானின் வாய் அச்சாக அடுக்கியிருக்கிறது. ஆட்கள் பலர் கப்பல் ஏறிவிட்டார்கள், சிலர் மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார்கள். முதலில் உடைத்து வறுத்ததில் ஒரு பொட்டலம் இதோடு வைத்திருக்கிறேன், மிச்சத்தைப் பிறகு அனுப்புகிறேன்.

கொப்பரையைப் பற்றி. உனக்குக் கால் இருக்கிறது, அதற்கு இல்லை. நீயே ஓடிவருவாய் என்று நினைத்தேன். அது போயிருந்தால் இன்று நாம் என்ன தின்றிருப்போம்?

இங்கே ஒரு ஜப்பான் அதிகாரிக்கு மேல்தாடைப் பல் செய்துகொண்டிருக்கிறேன். அவர் தயவில் அரிசி வருகிறது, வேலை அட்டை ஒன்றும் தந்திருக்கிறார். திரும்பி வந்துவிடு மஜீதா. பிளாஸ்டர் குழைக்க ஆள் இல்லை. நான் குழைத்தால் கட்டி தட்டுகிறது.

அன்புடன்,
தாவூத்


காஜா பேராங்
21-7-2603

அன்புள்ள மச்சானுக்கு மஜீதா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் புறா வால் வெட்டு நன்றாகப் பிடித்தது. ஆனால் முதல் தடவை வெந்து வந்ததை உடைத்துப் பார்த்தால் உள்ளே ரொட்டி மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. அழுகின முட்டை நாற்றம் வேறு. அப்பாசாமி டயருக்குக் கொடுக்கிற சூட்டையே இதற்கும் கொடுத்துவிட்டார். "டயரே தாங்குது, இந்த பல்லு தாங்காதா தங்கச்சி?" என்று கேட்கிறார். அப்புறம்தான் நினைவு வந்தது, தடிமனாக அடைத்த ரப்பருக்குச் சூடு மெள்ள மெள்ள ஏறவேண்டும், அவசரப்பட்டால் உள்ளே காற்றுக் கட்டிக்கொள்ளும் என்று நீங்கள் கத்துவீர்களே. நீங்கள் கடிதத்தில் எழுத மறந்ததை உங்கள் கத்தல் சொல்லிக் கொடுத்தது.

இரண்டாம் தடவை அவர் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். சரியாக வந்தது. சீமை ரப்பரின் சிவப்பு இல்லை, ஒட்டின இடம் கறுப்புப் பட்டையாகத் தெரிகிறது. ஜெயா அம்மாள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "தாப்பாலா காக், மூலூட் சாயா மேமாங் ஹீத்தாம்" என்று சிரித்தார். வெற்றிலை போட்டுப் போட்டு என் வாயே கறுப்புத்தான், பரவாயில்லை என்கிறார். அன்று ராத்திரி அவர் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் மீன் குழம்பு வந்தது.

அவர் என்னைப் பார்த்து, நீ ஏன் எப்போதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டே பேசுகிறாய் என்று கேட்டார். நான் பேச்சை மாற்றிவிட்டேன். உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் எனக்குச் செய்துகொடுத்த மூன்று முன்பல் செட் இப்போது இல்லை. சிரம்பானைவிட்டு வந்த அன்று ரெம்பாவ் தாண்டி லாரியில் வாந்தி எடுத்தேன், அதோடு போய்விட்டது. இவ்வளவு நாள் உங்களிடம் சொல்லப் பிடிக்கவில்லை.

திரும்பி வா என்கிறீர்கள். கடைக்கு ராணுவக்காரர்கள் நேரம் காலம் இல்லாமல் வந்து போகிறார்கள் என்று மருதமுத்து அண்ணன் சொன்னார். அவர்கள் புழங்குகிற வீட்டில் நான் எந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பேன்? நீங்கள்தான் இங்கே வரவேண்டும். காக்கா பொறுமை இழந்துவிட்டார். நோன்புப் பெருநாளுக்குள் மாப்பிள்ளை வந்து உன்னோடு குடித்தனம் செய்யவேண்டும், இல்லாவிட்டால் காதியிடம் போய் உன்னை விடுவித்துக்கொள் என்கிறார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஒரு வீட்டில் இருந்துகொண்டு இன்னொரு வீட்டை நினைத்துக்கொண்டே இருக்கிற தங்கச்சியைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் அலுத்துவிட்டது. எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது மச்சான்.

பெருநாளுக்கு வந்துவிடுங்கள்.

மஜீதா


சிரம்பான்
29-8-2603

அன்பு மஜீதாவுக்கு தாவூத் எழுதுவது. அல்லாஹ்வின் அமைதி உன்மேல் இருக்கட்டும்.

மருதமுத்துவிடம் ஒரு தகர டப்பாவும் ஒரு சின்னப் பொட்டலமும் கொடுத்திருக்கிறேன். டப்பாவில் வறுத்த பிளாஸ்டர். மூடியை மெழுகு வைத்து அடைத்திருக்கிறேன். மழைக்காற்று பட்டால் கெட்டுவிடும், வேலை இருக்கும்போது மட்டும் திற. ஊர் வாயெல்லாம் உடைத்தாயிற்று. நீதிபதி, தபால் மாஸ்டர், எஸ்டேட் துரை என்று ஆள் பார்க்காமல் இடித்தேன். உலக்கைக்கு எல்லாரும் ஒன்றுதான்.

உன் அச்சை மட்டும் உடைக்கவில்லை. கல்யாணமான மறுவருஷம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டாயே, அன்று எடுத்தது. மேல்தட்டில் ஓரமாக இருந்தது. அதிலிருந்துதான் பொட்டலத்தில் இருப்பதைச் செய்தேன். ஒளித்துவைத்திருந்த சீமை ரப்பரின் கடைசித் துண்டு அது, நல்ல இளஞ்சிவப்பு. பீங்கான் பல் மூன்றும் ஒரே நிறத்தில் தேடி எடுத்தேன். அதிகாரி பார்த்துவிட்டு யாருக்கு என்று கேட்டார். என் வீட்டுக்காரிக்கு என்றேன். பல்லைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார். உடனே பொட்டலம் கட்டிவிட்டேன்.

பெருநாள் விஷயம். ரஹீம் காக்கா சொல்வதில் தப்பில்லை. ஆனால் என்னிடம் இருக்கிற அட்டை சிரம்பானுக்குள் மட்டும்தான் செல்லும். சாலைச் சாவடியில் தமிழ் ஆட்களை இறக்கிச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்புகிறார்கள். கூலி வேலைக்குப் போனவர்கள் என்று பேர், ஒரு ஆளும் திரும்பவில்லை. கொஞ்சம் பொறு. அதிகாரியின் பல் முடிந்ததும் வெளியூர் அட்டை கேட்கிறேன்.

பெருநாளுக்கு அந்தப் பல்லைப் போட்டுக்கொண்டு சிரி. முந்தானை வேண்டாம்.

உன் தாவூத்


காஜா பேராங்
14-9-2603

மச்சானுக்கு மஜீதா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும்.

பொட்டலத்தைப் பிரித்ததும் அழுதுவிட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இத்தனை அழகான வேலை இந்தக் காலத்தில் யாரும் செய்யமாட்டார்கள். நோன்பு திறந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, மதினிக்குக்கூடத் தெரியாமல் உள்ளே போய்ப் போட்டுப் பார்த்தேன்.

சேரவில்லை.

அண்ணத்தில் ஒட்டாமல் ஆடுகிறது. இடது ஓரம் ஈற்றை அறுக்கிறது. ஒருவேளை ரப்பர் வளைந்திருக்குமோ என்று வெந்நீரில் காட்டினேன், அரத்தால் ராவினேன், மூன்று நாள் வலியோடு போட்டுக்கொண்டு நடமாடினேன். உங்கள் வேலையில் குற்றமில்லை. அந்த அச்சுக்கு அது கனகச்சிதமாகச் சேரும், சந்தேகமில்லை. என் வாய்தான் அந்த அச்சு மாதிரி இல்லை. பல் போன இடத்தில் ஈறு வற்றிவிட்டது. ஒன்றரை வருஷம் செட் இல்லாமல் இருந்ததில் பக்கத்துப் பற்கள் இரண்டும் காலி இடத்துக்குள் சாய்ந்தன. அதில் ஒன்று ஆடி மாதம் மரவள்ளியோடு கையில் வந்துவிட்டது. கன்னம் ஒட்டிவிட்டது மச்சான். கண்ணாடியில் பார்த்தால் மதினியின் உம்மா மாதிரி இருக்கிறேன்.

இது உங்களுக்குத் தெரியாத விஷயமா? எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். பழைய அச்சில் புதுப் பல் கட்டமாட்டேன், வந்து உட்காருங்கள், வாயைப் பார்க்கவேண்டும் என்பீர்களே. பல் எடுத்து ஆறுமாதம் ஆனவருக்கே அப்படிச் சொன்ன மனுஷன், எனக்கு மட்டும் பத்து வருஷத்துக்கு முந்தின அச்சை எடுத்துவைத்துச் செய்திருக்கிறீர்கள். வந்து பார்க்கவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை. அந்த அலமாரியில் இருக்கிறவளோடுதான் நீங்கள் குடித்தனம் செய்கிறீர்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. இப்போது எழுதும்போதும் வருகிறது. நோன்பு நேரத்தில் கோபப்படக்கூடாது, அதனால் நிறுத்துகிறேன்.

சாவடியைப் பற்றி நீங்கள் எழுதியது பொய் இல்லை. இந்தத் தெருவிலேயே இரண்டு பேரைக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் காக்கா கடைச் சரக்குக்காக இரண்டு தடவை சிரம்பான் வந்து போயிருக்கிறார். மருதமுத்து அண்ணன் வாரம் தவறாமல் வருகிறார். பயந்துகொண்டேதான் வருகிறார்கள்.

பெருநாளுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அட்டை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வாருங்கள். என் வாயை நேரில் பார்த்து அச்செடுங்கள்.

மஜீதா


சிரம்பான்
23-9-2603

அன்பு மஜீதாவுக்கு தாவூத் எழுதுவது. ஸலாம்.

நீ சொன்னது சரி. எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. அச்சைக் கையில் எடுத்தபோது நீயே எதிரில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது.

அட்டை இன்னும் கிடைக்கவில்லை. ஒன்று செய். தேன்மெழுகில் கொஞ்சம் குங்கிலியம் சேர்த்து உருக்கி, கை பொறுக்கிற சூட்டில் உருட்டி, மேல்தாடையில் அழுத்தி அச்செடு. எடுத்தவுடன் குளிர்ந்த தண்ணீரில் போடு. அதை வாழைமட்டையில் பொதிந்து மருதமுத்துவிடம் கொடுத்தனுப்பு. நான் இங்கே உடனே பிளாஸ்டர் வார்த்துப் புதுசாகச் செய்துவிடுகிறேன். தோட்டத்து ரப்பர்தான், கறுப்பாக இருக்கும். ஆனால் இந்த முறை சேரும்.

ரஹீம் காக்காவிடம் என் ஸலாமைச் சொல். பெருநாளைக்கு நான் இல்லாவிட்டாலும் வருத்தப்படாதே.

தாவூத்


காஜா பேராங்
5-10-2603

அன்புள்ள மச்சானுக்கு மஜீதா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் வாழ்த்து.

மெழுகு அனுப்பவில்லை. மருதமுத்து அண்ணனின் லாரி கரி போட்டு ஓடுகிறது. ஏற்றத்தில் நின்று நின்று போய்ச்சேர அரைநாள் ஆகிறது. அந்த வெயிலில் மெழுகு என்ன கதி ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா? சிரம்பான் போய்ச் சேரும்போது அது யார் வாயாகவும் இருக்கலாம். மறுபடியும் சேராத ஒன்றைச் செய்து அனுப்புவீர்கள். மறுபடியும் நான் அழுவேன். போதும்.

பெருநாள் அன்று காக்கா எங்கிருந்தோ ஒரு படி அரிசி வாங்கி வந்தார். சோறு வெந்த வாசனைக்கே எல்லாருக்கும் கண் கலங்கிவிட்டது. உங்களுக்கு ஒரு தட்டு எடுத்துவைத்தேன். அஸர் தொழுகை வரைக்கும் வைத்திருந்துவிட்டு ஜெயா அம்மாள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போனதை மதினி பார்த்தார்.

காக்கா வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு, காதியிடம் அழைத்துப் போகிறார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். இது மிரட்டல் இல்லை. வேறு யாரும் என் மனதில் இல்லை, இருக்கவும் போவதில்லை. தினமும் ஒரு ஆளை எதிர்பார்த்துக்கொண்டே கண்விழிப்பது என்னால் முடியவில்லை. வரமாட்டார் என்று தெரிந்துவிட்டால் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

காதி என்ன கேட்பார் என்று நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. அடித்தாரா என்று கேட்பார், இல்லை. குடித்தாரா, இல்லை. சோறு போடாமல் விட்டாரா, அரிசி அனுப்ப வழி இருந்தால் அனுப்பியிருப்பார். பிறகு உனக்கு என்னதான் குறை என்று கேட்டால் என்ன சொல்வேன்?

மஜீதா


சிரம்பான்
11-10-2603

அன்பு மஜீதாவுக்கு தாவூத் எழுதுவது. வ அலைக்கும் ஸலாம்.

நீ காதி முன்னால் நின்று என்னைப் பற்றிக் குறை சொல்லவேண்டாம். உனக்கு அது வராது. தொடங்கினால் பாதியில் எனக்காகப் பேச ஆரம்பித்துவிடுவாய்.

நான் வர முயற்சி செய்யவே இல்லை என்று நினைத்துவிடாதே. பெருநாளுக்கு முந்தின நாள் மருதமுத்துவின் லாரியில் ஏறினேன். நேற்றும் ஏறினேன். இரண்டு தடவையும் ரெம்பாவ் சாவடிக்கு முன்னால் வளைவில் இறங்கிவிட்டேன். நேற்று நாலைந்து பேரை வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். ஒருவன் என்னைப் பார்த்தான். திரும்பிச் சிரம்பான் வரை நடந்தே வந்தேன். உன்னிடம் சொல்லவேண்டாம் என்று மருதமுத்துவிடம் கேட்டுக்கொண்டேன், அவரும் சொல்லவில்லை. எனக்குப் பயம், மஜீதா. ரஹீம் காக்காவுக்கும் பயம் இருக்கும், ஆனாலும் அவர் லாரியைவிட்டு இறங்குவதில்லை. என்னால் அது முடியவில்லை.

இதோடு ஒரு தாள் இருக்கிறது. இரண்டு சாட்சி வைத்து எழுதியது. காதியிடம் இதைக் கொடுத்தால் போதும், அவர் உன்னிடம் எதுவும் கேட்கமாட்டார். சாட்சிக்கு வந்தவர், வழக்கம்போல மூன்று தலாக் எழுதி முடித்துவிடும் என்றார். நான் ஒன்றுதான் எழுதியிருக்கிறேன். ஒன்றுக்கு இத்தா முடிகிற வரை மூன்று மாதம் உண்டு, அதற்குள் நான் வந்து அழைத்தால் நீ என் மனைவிதான். அதற்காகக் காத்திருக்கச் சொல்லவில்லை. நீ கண்விழித்ததும் அடுப்பைப் பற்றவை. மூன்று என்று எழுதக் கை போகவில்லை, அவ்வளவுதான்.

இனி உன் பல்லுக்கு வருவோம். மெழுகு வேண்டாம், டப்பாவில் இருக்கிற பிளாஸ்டரில் உன் அச்சை நீயே எடுத்து, ஜெயா அம்மாளுக்குச் செய்ததுபோல் பல்லையும் நீயே கட்டிக்கொள். ஜெயா அம்மாளைத் துணைக்கு வைத்துக்கொள். ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குழை, சீக்கிரம் இறுகும். தயிர் பதம் வரட்டும். உதட்டிலும் பல்லிலும் எண்ணெய் தடவிக்கொள். நேராக உட்கார், தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துக்கொள், தொண்டைக்குப் போகாது. மூக்கால் மூச்சு விடு. குமட்டும், காலைத் தரையில் அழுத்தி ஊன்று. இருக்கிற பற்களில் மாட்டிக்கொள்ளும் என்பதால் முழுசாக வராது. உடைத்து உடைத்துத்தான் எடுக்கவேண்டும். ஒரு துண்டையும் தொலைத்துவிடாதே. உடைந்த ஓரம் சுத்தமாக இருந்தால் திரும்பப் பொருந்திவிடும்.

கிண்ணத்தில் மிச்சம் இருப்பதை விரலால் ஒடித்துப் பார். வளையாமல் சட்டென்று ஒடிந்தால் வாயிலிருந்து எடுக்கிற நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குமுன் வாயில் இருப்பது சூடாகும். யாரும் சொல்லாவிட்டால் திடுக்கிட்டு வெளியே இழுத்துவிடுவாய், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். அது சுடாது. இறுகும்போது அப்படித்தான் ஆகும். பயப்படாமல் அப்படியே உட்கார்ந்திரு.

தாவூத்